தலையை விடப் பெரிய கல்

எர்ணாகுளம் பக்கத்துத் தோப்பும்படியில் மீன்தொட்டி விற்கும் கடையில் நேற்று ஐம்பது நிமிடம் நின்றேன். வாங்க வேண்டியது தொட்டியின் அடியில் பரப்ப ஏதாவது ஒன்று, அவ்வளவுதான். வேலை மாற்றலாகி வெளிநாடு போன மகள், தான் வளர்த்த நியூட் என்ற நீர்ப்பிராணியை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல்லியைப் போல உடம்பு, தவளையைப் போல ஈரத்தோல், வயிறு மட்டும் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. முன்னங்கால்களில் நான்கு நான்கு, பின்னங்கால்களில் ஐந்து ஐந்து என்று மொத்தம் பதினெட்டு விரல்கள். வந்த அன்றே எண்ணிவிட்டேன். எனக்கும் வேறு வேலை இல்லை.

மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "அப்பா, ஒண்ணு மாவு மாதிரி மணல் போடு. இல்லைன்னா அதோட தலையை விடப் பெரிய கல்லாப் போடு. நடுவாந்தரம் வேண்டாம். இரையோட சேத்து முழுங்கிடும்."

கடைக்காரர் மலையாளி. எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழ் பேசினார்.

"சாரே, இந்தச் சின்னக் கல்லு கொண்டுபோங்க. காண நல்ல ரசமாயிட்டு இருக்கும்."

"முழுங்கிடும்."

"ஒரு பல்லிக்கு இத்தனை பேடியா, பயமா? பிள்ளைகளை எப்படி சாரே வளர்த்தீங்க?"

சிரித்துக்கொண்டே ஒரு பிடி கல்லை என் கையில் கொட்டினார். கறுப்பு, உருண்டை, மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. கடை முழுக்கப் பாசி நாற்றம்தான். ஆனால் எனக்கு மிளகு நெடி அடித்தது.

பல வருடங்களுக்கு முன், எனக்கு இருபத்தெட்டு வயது. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் சரக்கு பார்க்கிற வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி மிளகை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்புவேன். சொத்தை எத்தனை, கல் எத்தனை என்று விரல் படாமல் கண்ணாலேயே எண்ணிச் சீட்டில் எழுதுவேன். என் எண்ணிக்கையை யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம். கழித்த கற்களில் அழகானவற்றைச் சட்டைப்பையில் போட்டு வருவேன். மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பரணி ஒன்றில் அவற்றைப் பரப்பி, இரண்டு மீன்கள் விட்டிருந்தேன். நாற்பது கற்கள். மகன் ராமுவுக்காக. அவனுக்கு இரண்டு வயது.

ஒரு காலையில் நான் கிளம்பும்போது ராமுவுக்கு விடாத இருமல். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. என் மனைவி கோமதி சொன்னாள்: "பரணிக்குள்ள கை விட்டிருக்கான். கல்லு எண்ணிப் பாருங்க."

இஸ்திரி போட்ட சட்டை. நான் கையை நனைக்கவில்லை. குனிந்து, வெளியிலிருந்து கண்ணாலேயே எண்ணினேன்.

"நாப்பதும் இருக்கு."

"நல்லா எண்ணினீங்களா?"

"ஏய், எங்கிட்டயா கேக்கற?"

மாலையில் டாக்டர், எதையாவது விழுங்கினானா என்று கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். "இல்லை டாக்டர், எண்ணிட்டேன்" என்றேன். இருமல் மருந்து கொடுத்தார்.

நான்காம் நாள் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அப்போதுதான் பரணியைக் கவிழ்த்துக் கற்களைத் தட்டில் கொட்டினேன். முப்பத்தொன்பது. ஐந்து முறை எண்ணினேன். பரணியின் வளைவில், தண்ணீருக்குள், ஓரத்துக் கல் ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளைத் தட்டில் பழகிய கண்ணுக்கு அது பிடிபடவில்லை.

எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயிலிருந்து கல்லை எடுத்துவிட்டார்கள். பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். ஆனால் அந்த நான்கு நாளில் நுரையீரலில் சீழ் பிடித்திருந்தது. அதன் பிறகு அவன் இரண்டு நாள் இருந்தான்.

மகள் அதற்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள். அண்ணன் காய்ச்சலில் போனான் என்றுதான் அவளுக்குத் தெரியும். நானும் கோமதியும் உண்மையைச் சொல்லவில்லை.

கையிலிருந்ததைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். விரல் இடுக்கில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். உள்ளங்கை அகலத்தில் ஐந்து தட்டைக் கற்கள் வாங்கினேன். "இது ஆனைக்குப் போதும் சாரே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

நான் வேலை பார்த்த கிடங்கில் இப்போது பழம்பொருள் கடை இருக்கிறது. வாசலைத் தாண்டும்போது மூச்சை இழுத்துப் பார்ப்பேன். வார்னிஷ் வாசனைதான். கோமதி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒருநாளும் அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் அந்த வாரத்துக்கு முன்பு வீட்டில் எதுவானாலும், "கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க" என்று என்னைத்தான் கூப்பிடுவாள். அதன் பிறகு, வெளுத்து வந்த துணியோ, இறக்கிப் போட்ட தேங்காயோ, நான் பக்கத்தில் சும்மா நின்றிருக்க, முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அவளே எண்ணினாள்.