சந்தனம் வைக்கும் இடம்

றெஜினா ரீச்சர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் என் மனைவி சிவமலர். நான் கிணற்றடியில் நின்றபோது தொலைபேசி அடித்தது. குருநகரிலிருந்து ரீச்சரின் தம்பி பேசியிருக்கிறார். சிவமலர் கைத்தடியை ஊன்றிப் பின்வாசல் வரை வந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"றெஜினா... விடிய... மோசம் போயிட்டா."

துக்கத்திலும் நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் செய்தியை முழுதாகச் சொல்ல அவரிடம் சொற்கள் இருந்தன. அவை திரும்பி வந்ததில் ரீச்சருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தமிழ் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்க வந்தவர் றெஜினா ரீச்சர். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பம். வந்த புதிதில் ஒருநாள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டர் நின்றுவிட்டது. நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வயரை மாற்றினோம், சுவிச்சை மாற்றினோம், குழாயையும் கழற்றிப் பூட்டினோம். மோட்டர் ஓடியது. அடுத்த கிழமை மறுபடி நின்றது. முதல் தடவை எதனால் ஓடியது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. ரீச்சர் சிரித்தார்.

"கடலிலை எஞ்சின் நிண்டால் எங்கடை அப்பா ஒண்டை மட்டும்தான் தொடுவார். தொட்டுப்போட்டுப் பொறுத்துப் பாப்பார். மூண்டையும் ஒண்டாய் மாத்தினால் எது சுகப்படுத்தினதெண்டு ஆருக்குத் தெரியும்?"

வகுப்பிலும் அப்படித்தான். ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளை வாய் திறக்கும்வரை பக்கத்துப் பிள்ளையைக் கேட்க மாட்டார். பாடம் முடியாமல் போகிறதே என்று அதிபர் குறைப்பட்டதுண்டு. முடியாத பாடத்தைச் சனிக்கிழமை வந்து முடிப்பார்.

நானும் ரீச்சரும் ஓய்வுபெற்ற பிறகு, சிவமலருக்குப் பாரிசவாதம் வந்து காலும் பேச்சும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் கொழும்புக்கு மாற்றலாகிப் போனதால் காணொளி மூலம் தொடர்ந்தார். கைத்தொலைபேசியில் அவருடைய உதட்டசைவு சிவமலருக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளிநாடு போன எங்கள் மகள் விட்டுச்சென்ற பழைய மடிக்கணினிதான் கைகொடுத்தது.

ஆனால் பயிற்சி பாதி போவதற்குள் அது கொதிக்கும். உள்ளே விசிறி இரையும். பிறகு திரை கறுத்து அணைந்துவிடும். சிவமலர் ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பிடித்து வைத்திருப்பார், எதிரே இருந்த முகம் மறைந்துவிடும். தான் பிழையாகச் சொன்னதால்தான் அது போய்விட்டது என்று எண்ணினாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொள்வார். போகப்போக, பயிற்சி நேரம் வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். ஆரம்ப மாதங்களை வீணாக்க வேண்டாம் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கடையில் காட்டினேன். பழைய சாமான், புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றார்கள். மேசை விசிறியை அதற்கு நேரே பிடித்து வைத்தும் பார்த்தேன். பலனில்லை. அந்த நிலையில்தான், சிவமலரைப் பார்க்க றெஜினா ரீச்சர் தம் ஸ்கூட்டியில் அரியாலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"காய்ச்சல்காரனுக்கு வெளியாலை விசிறினால் காய்ச்சல் விடுமே, மாஸ்ரர்?" என்று கேட்டபடி விசிறியை நிறுத்தினார். மடிக்கணினியைத் திறக்கவில்லை. வழக்கம்போல ஓட விடச் சொல்லி, அதன் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளிருந்து சூடான காற்று வெளியே வர வேண்டும், வரவில்லை என்றார். முதலில் அதன் அடியிலிருந்த தலையணையை எடுத்துவிட்டுப் பலகையில் வைத்தார். கொஞ்சம் கூடுதலாக ஓடி, மறுபடி அணைந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். நான் அவசரப்பட்டேன், அவர் அசையவில்லை.

அடுத்த முறை வந்தபோது மின்கலத்தைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்புறத்தில் காற்றுப் போகும் இடுக்குகள் வரிசையாக இருந்தன. அவற்றை அடைத்துக்கொண்டு மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் சிவப்புப் பொட்டு. ரீச்சர் முகர்ந்து பார்த்தார்.

"சந்தனமெல்லே!"

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு மடிக்கணினியையும் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மகள் படித்த காலத்தில் தொடங்கியது. முன்பக்கம் அழுக்காகிவிடும் என்று சிவமலர் பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில், ஆண்டுதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்து வந்திருக்கிறார். வகுப்பறை நிறையப் பிள்ளைகளை இருத்திவிட்டு யன்னல்களைப் பூசி அடைத்தது போல ஆகிவிட்டது.

"சுரண்டி விடுங்கோ, ரீச்சர்" என்றேன்.

"உங்களைக் கேக்கேல்லை, மாஸ்ரர்."

மடிக்கணினியைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சிவமலரின் மடியில் வைத்தார். "அக்கா, இது நீங்கள் சாமிக்கு வைச்ச சந்தனம். நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி. என்ரை கையாலை எடுக்கலாமோ?"

நான் வாயெடுத்தேன். ரீச்சர் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி மறித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேத்தண்ணியா கோப்பியா என்பது முதல், நோவு இருக்கிறதா இல்லையா என்பது வரை, வருகிறவர்கள் எல்லோரும் என்னையே கேட்டார்கள். நானும் அன்பினால் முந்திக்கொண்டு பதில் சொல்லி வந்தேன். சிவமலருக்கென்று ஒரு கேள்வி வந்து கனகாலம் ஆகியிருந்தது.

ரீச்சர் காத்திருந்தார். தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போய், அந்தச் சத்தமும் தேய்ந்தது. சிவமலரின் உதடு குவிந்தது, கலைந்தது, மறுபடி குவிந்தது.

"ஓம்" என்றார். பிறகு, யாரும் கேளாமலே, "எடு" என்றார்.

ரீச்சர் ஈரப் பஞ்சாலும் ஈர்க்காலும் சந்தனத்தைப் பக்குவமாக எடுத்து, வாழையிலைத் துண்டொன்றில் சேர்த்து, பூமரத்தடியில் போட என்னிடம் தந்தார். நிலத்தில் மிதிபடக் கூடாதாம். மின்கலத்தைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தார். சூடு குறைந்தது, போதவில்லை. பிறகு மூடியைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, கம்பளிபோல் படிந்திருந்த தூசைத் தூரிகையால் தட்டினார். மறுபடி பார்த்தார். கடைசியாக, சூட்டைக் கடத்துவதற்காக உள்ளே பூசியிருந்த பசை காய்ந்து பொருக்காகிவிட்டதைத் துடைத்து, புதிதாகப் பயறளவு வைத்தார்.

"இதுவும் ஒரு சந்தனம்தான், மாஸ்ரர். வைக்கிற இடத்திலை வைக்கோணும்" என்றார்.

அந்தக் கிழமைப் பயிற்சி முடிவுவரை நடந்தது. கொழும்பிலிருந்து அந்தப் பெண் கைகாட்டி விடைபெற்ற பிறகும் சிவமலர் திரையைப் பார்த்தபடி இருந்தார். அது கறுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது அத்தோடு நின்றது.

அதன்பின் ரீச்சர் அடிக்கடி வருவார். புறப்படும்போது கட்டிலடியில் நின்று, "அப்ப அக்கா, நான் வரட்டே?" என்று கேட்பார். பதில் வராமல் படியிறங்க மாட்டார். முதலில் தலையசைத்தாலே போதும் என்றிருந்தவர், பிறகு அதை ஏற்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில்கூட, தலைக்கவசத்தை மாட்டியபடி காத்து நின்றார். "நனைஞ்சால் காயும், அக்கா. நீங்கள் ஆறுதலாய்ச் சொல்லுங்கோ" என்றார். "ஓம்" என்பது சில மாதங்களில் "ஓம், வா" ஆனது.

சென்ற சரஸ்வதி பூசைக்கும் வந்திருந்தார். மடிக்கணினியின் மூடியில், நடுவிலே, ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். சிவமலர் அங்கே சந்தனம் வைத்தார். மிஞ்சியதை ரீச்சரின் நெற்றியில் இட்டார். "இப்ப எனக்கும் சூடு குறைஞ்சிட்டுது" என்று ரீச்சர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

நெஞ்சு நோவு என்று ஒருநாள் படுத்தவர், மறுநாள் விடியுமுன் போய்விட்டார்.

குருநகரில் அவருடைய வீடு நிறையச் சனம். படிப்பித்த பிள்ளைகள் தம் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். செபம் முடிந்தது. தேவாலயத்துக்குக் கொண்டுபோகும் நேரம் வந்தபோது, ரீச்சரின் தம்பி பொதுவாகச் சனத்தைப் பார்த்து, "அப்ப, பெட்டியை மூடலாமோ?" என்று கேட்டார். அப்படியான கேள்விக்கு யார்தான் பதில் சொல்வார்கள்?

சிவமலர் என் கையை விட்டார். கைத்தடியை ஊன்றிப் பெட்டியருகே போய் நின்றார். உதடு குவிந்தது, கலைந்தது. தம்பி மூடியில் கைவைத்தபடி என்னைப் பார்த்தார். நான் அவருக்காக ஒன்றும் சொல்லவில்லை. றெஜினா ரீச்சர் காத்திருந்ததுபோல நானும் காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஓம், றெஜினா" என்றார் சிவமலர். "நீ... போயிட்டு வா."