திருப்பிப் போட்ட தெரு

தங்கச்சி வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை அன்றுதான். அண்ணன் தனக்காகக் கடையைப் பூட்ட வேண்டாம் என்றுதான் அந்த நாளைப் பார்த்து டிக்கெட் எடுத்தேன் என்றாள். அண்ணன் நம்பவில்லை. கடை திறந்திருந்தால் தெருவில் நாலு பேர் எங்கே பயணம் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல முடியாத இடத்துக்கு இவள் போகிறாள், அதனால்தான் செவ்வாய் என்று அவருக்குத் தோன்றியது.

"என்ன கம்பெனின்னு சொன்னே?" பஸ் நிலையத்தில் நாலாவது முறையாகக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் கம்பெனி அண்ணா. படம் வரையுற வேலை."

"என்ன படம்?"

"எல்லாப் படமும்தான்."

"எல்லாப் படமும்னா?"

"வழியனுப்ப வந்தியா, விசாரணை நடத்த வந்தியா?"

பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி, "அவரை விடு. நீ சிரிச்சாக்கூட எத்தனை பல்லு தெரியுதுன்னு எண்ணுவார்" என்றாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கணவனோடு பத்து வருடம் குடும்பம் நடத்தியதில் அவள் கற்றுக்கொண்டது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது.

பஸ் நகர்ந்தது. தங்கச்சி கையசைத்தாள். கண் கலங்கியிருந்தது. அழுகைதானா, இல்லை ஏதாவது மறைக்கிறாளா என்று அவர் பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சந்தேகப்படுவது அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த குணம். முன்பு ஒருமுறை டாக்டர் சீட்டில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்ததை அவர் கண்டுபிடித்தார். அப்படியே லென்ஸ் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த அம்மா படியில் உருண்டிருப்பார். டாக்டரே போன் செய்து நன்றி சொன்னார். அன்று முதல் எந்தச் சீட்டையும் அவர் நம்புவதில்லை. லென்ஸின் நடுமையத்தில் மையால் புள்ளி வைப்பார், கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மூன்று முறை அளப்பார், நாலாவது முறை வாடிக்கையாளரையே சந்தேகமாகப் பார்ப்பார். "ஐயா, என் கண்ணு ரெண்டும் என்னோடதுதான்" என்று ஒருவர் சொன்னது தெருவில் ரொம்ப நாள் ஓடிய வேடிக்கை.

தங்கச்சி அவரைவிடப் பதினாலு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், எட்டு வயதிலிருந்து அவள் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருவாள். வெளிச்சம் வேண்டும் என்று லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை அவர் வாசலை ஒட்டிப் போட்டிருந்தார். அங்கே உட்கார்ந்தால் தெரு முழுவதும் தெரியும். அவளுக்கு உள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல். ஃபிரேம் போட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் சுவரை அடைத்து ஒரு நிலைக்கண்ணாடி மாட்டியிருந்தது. அதைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். பதினோரு வருடம் அந்த ஸ்டூல் அவளுடையது.

கூட்டம் இல்லாத மதியங்களில் இருவரும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். குட்டிக் குட்டி வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் கார்ட் பந்தயம். அவள் எப்போதும் ஜெயிப்பாள், அவர் எப்போதும் ஏதோ கோளாறு என்பார். ஒரு நாள் பழைய மருத்துவச் சீட்டுகளின் பின்பக்கத்தை ஒட்டி, தங்கள் தெருவையே ஒரு பந்தயப் பாதையாக வரைந்தார்கள். சாலையை அவர் வரைந்தார். வாசலைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, சுற்றியிருப்பதை அவள் வரைந்தாள். முழங்கால் உயரத்தில் சிக்கிக்கொண்டு மேலே ஏறாத பூட்டுக் கடை ஷட்டர், அதற்கு இடப்பக்கம் சாய்ந்த விளக்குக் கம்பம், வலப்பக்கம் நீல நிறத் தண்ணீர் டிரம், எங்கும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி. ஷட்டருக்கு அடியில் வண்டி நுழைந்தால் குறுக்குவழி. அந்தத் தாளை அவர் இயந்திரத்தின் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார்.

அவள் போன பிறகு தனியாக ஆடப் பிடிக்கவில்லை. அதனால் அந்த விளையாட்டின் ரசிகர் குழு ஒன்றில் சேர்ந்தார். நாலாயிரம் பேர். யாருக்கும் யார் முகமும் தெரியாது. அங்கே அவர் பெயர் 'பூதக்கண்ணாடி'. எப்போதும் நாலாவதாகவே வந்து சேரும் ஒருவர் 'நாலாம் இடம்'. இன்னொருவர் 'பிரேக் பிடிக்காதவன்'.

இரண்டு வருடம் கழித்து, அந்த விளையாட்டைச் செய்யும் கம்பெனி பன்னிரண்டு புதிய பாதைகளை மூன்று தவணையாக இறக்கப் போவதாக அறிவித்தது. வேண்டியவர்கள் பதிவிறக்கிக்கொள்ளலாம். குழுவில் சந்தோஷம் சரியாக ஒரு மணி நேரம் நீடித்தது.

"இத்தனை நாள் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு? விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தார் நாலாம் இடம்.

முதல் தவணை வந்தது. புல் எல்லாம் பச்சை ரெக்சின் விரித்தது போல இருந்தது. மரங்களுக்கு நிழல் இல்லை. அதே கம்பெனியின் போன் விளையாட்டில் இருந்த பழைய பாதைகளைத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி படத்தோடு நிரூபித்தார். குழுவின் சட்டமும் அவர் போட்டதுதான்: குற்றம் சாட்டுகிறவர் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி குத்த வேண்டும். ஒன்பது புள்ளி ஒத்துப்போனால் அது சுட்டது. அதற்கு மேல் வாதம் கிடையாது.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் தவணை. நாலு பாதைகளில் மூன்று வழக்கம்போல. நாலாவது, ஒரு கடைத்தெரு. அதில் வெயில் சுவரில் பட்ட விதத்தைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அதுவே அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

"இது மட்டும் ஏன் இவ்வளவு நல்லா இருக்கு?" என்றார் பிரேக் பிடிக்காதவன்.

"இவங்க செஞ்சதா இருக்காது" என்றார் நாலாம் இடம். "பூதக்கண்ணாடி எங்கே? கூப்பிடுங்கப்பா அவரை."

பூதக்கண்ணாடி அப்போது மூன்றாவது சுற்றில் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்தில் சிக்கிய ஷட்டர். சாய்ந்த கம்பம். நீல டிரம். எங்கும் போகாத படி. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. கம்பம் ஷட்டருக்கு வலப்பக்கம் நின்றது, டிரம் இடப்பக்கம். தெரு மொத்தமும் இடம் வலமாக மாறியிருந்தது.

திருட்டுப் படத்தை யாரும் அப்படியே போட மாட்டார்கள், திருப்பித்தான் போடுவார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தார். படம் பிடித்து, அதைத் திருப்பி, பக்கத்தில் வைத்துப் புள்ளி குத்தினார். பதினோரு புள்ளி ஒத்துப்போனது. 'இது நானும் என் தங்கச்சியும் பாதிப் பாதி வரைந்தது. யாரோ திருடித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்' என்று எழுதி, தாளின் ஓரத்தில் இருந்த அவள் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் அது நாலாயிரம் பேரைத் தாண்டிப் போய்விட்டது.

வியாழக்கிழமை மதியம், ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் லென்ஸ் இல்லாத சோதனை ஃபிரேமை மாட்டி அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணா, அந்தப் படத்தை உடனே எடு."

"எதுக்கு எடுக்கணும்? உன் கைவேலையைத் திருடியிருக்காங்க பாப்பா. உனக்காகத்தான் கத்திக்கிட்டிருக்கேன்."

"யாரும் திருடலை. அதைச் செஞ்சது நான்தான்."

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"ரெண்டரை வருஷமா இங்கதான் இருக்கேன். வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. கடைசித் தவணையில செஞ்சவங்க பேரெல்லாம் போடுவாங்க. அதுல என் பேரைப் பார்த்து நீயே கண்டுபிடிப்பேன்னு நினைச்சேன்."

"இதைத்தான் மறைச்சியா?"

"கேளு. இங்க செய்யுற எதுலயும் வெளியாள் கை பட்டிருக்கக் கூடாது. பாதி நீ வரைஞ்சதுன்னு ஊருக்கெல்லாம் எழுதி வச்சிருக்கே. என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேக்குறாங்க. என் வேலையே ஆட்டம் கண்டுடுச்சு."

நல்லா செஞ்சிருக்கே பாப்பா, வெயில் அப்படியே இருக்கு என்று அவர் சொல்லியிருக்கலாம். மனதில் அது இருந்தது. ஆனால் வாய்க்கு முதலில் வந்தது வேறு.

"அப்போ ஏன் திருப்பிப் போட்டே?"

"என்னது?"

"இடத்தை வலமா மாத்தியிருக்கியே. தப்பு இல்லேன்னா எதுக்கு மாத்தணும்? என் பாதி தெரியக் கூடாதுன்னுதானே?"

அவள் மெதுவாகக் கேட்டாள்: "என்னையும் புள்ளி வச்சுப் பாத்துட்டே இல்ல?"

"பேச்சை மாத்தாதே."

இணைப்பு அறுந்தது. சோதனை ஃபிரேமோடு உட்கார்ந்திருந்தவர், "நான் அப்புறம் வரவா?" என்றார்.

அண்ணன் அன்றே படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் ஆளாளுக்கு ஒரு பிரதி வைத்திருந்தார்கள். கம்பெனி அந்தப் பாதையை நிறுத்தி வைத்து, விசாரிக்கிறோம் என்று இரண்டு வரி போட்டது. குழுவில் பாதிப் பேர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், இது கம்பெனியே செய்யும் விளம்பரம், பூதக்கண்ணாடி அவர்கள் ஆள் என்றார்கள். "நான் அப்பவே நினைச்சேன், இத்தனை கரெக்டா ஒரு மனுஷன் பதினோரு புள்ளி குத்த முடியாது" என்று எழுதினார் நாலாம் இடம். அண்ணன் தங்கச்சி எண்ணுக்கு நாற்பது முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

மூன்றாம் தவணையில் அந்தப் பாதை திரும்ப வந்தது. ஷட்டர் இருந்த இடத்தில் வெறும் சுவர். செய்தவர்கள் பெயர் திரையில் ஓடியபோது, கடையில் இருந்த உண்மையான பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று முறை ஓட விட்டுப் பார்த்தார். தங்கச்சி பெயர் இல்லை.

"அவ வேற இடத்துல வேலைக்குச் சேர்ந்துட்டா" என்றாள் மனைவி. அவளிடம் மட்டும் தங்கச்சி பேசிக்கொண்டிருந்தாள்.

"அவங்களே அனுப்பிட்டாங்களா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா? வேற ஏதோ சொல்லியிருக்கா. நீ மறைக்கிறே."

மனைவி மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா. அண்ணனோட எப்படி அண்ணி இத்தனை வருஷம் இருக்கீங்கன்னு கேட்டா. நான் சிரிச்சேன். போதுமா?"

உண்மையா பொய்யா என்று அதையும் அவர் ஒரு வாரம் யோசித்தார்.

குழுவிலிருந்து விலகிவிட்டார். விளையாட்டை விடவில்லை. கடை காலியாக இருக்கும் மதியங்களில் அந்த ஒரு பாதையை மட்டும் ஓட்டுவார். சுவர் வந்ததும் நிறுத்துவார். அவள்தான் செய்தாள், சரி. திருடவில்லை, சரி. ஆனால் ஏன் திருப்பினாள்? என்னை ஏமாற்றவா, கம்பெனியை ஏமாற்றவா, இல்லை என் மேல் ஏதாவது கோபமா? ஒவ்வொரு காரணத்தையும் லென்ஸைப் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எதுவும் பொருந்தாது. ஸ்டூலை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. புதிதாக வரும் ஃபிரேம் பெட்டிகளை அதன் மேல் அடுக்க ஆரம்பித்து, அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பூட்டுக் கடைக்காரர் மட்டும் இன்றும் குனிந்துதான் தன் கடைக்குள் போகிறார்.

போன் அறுந்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கெடுப்புக்காகப் பாதி திறந்து வைத்த கடையில் அவர் தனியாக நின்றிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. அவள்தானா, அவள் எண்ணிலிருந்து வேறு யாராவதா என்று முதலில் எண்ணைச் சரிபார்த்தார். பிறகு படித்தார்.

"அண்ணா, அந்தத் தாளைப் பார்த்து நான் எதையும் செய்யலை. அப்படி ஒரு தாள் இருந்ததே நீ போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் எதையும் திருப்பவும் இல்லை. பதினோரு வருஷம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிலைக்கண்ணாடியைப் பார்த்துத்தானே உக்காந்திருந்தேன்? எனக்குத் தெரிஞ்ச தெரு அதுக்குள்ள இருந்த தெருதான். அதுல கம்பம் வலப்பக்கம். ஆபீஸ்ல இதைச் சொன்னேன். உன்னோட பதினோரு புள்ளியை எடுத்துக் காட்டினாங்க. ஸ்டூல் மேல பெட்டியா அடுக்கி வச்சிருக்கியாம், அண்ணி சொன்னாங்க. எல்லாத்தையும் இறக்கிட்டு ஒரு நாள் நீயே ஏறி உக்காந்து பாரு. சந்தேகம் இருந்தா."