டாக்டர்களின் பெயரைத் தேடுகிறவர்

கணினியில் ஒரு டாக்டரின் பெயரைத் தட்டும்போது டோரீன் ஸ்லாமா அதை எழுத்தெழுத்தாக முணுமுணுப்பார். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு டாக்டர்கள். அவர்களுடைய உரிமமும் சிறப்புத் தகுதிச் சான்றும் இன்றைக்கும் செல்லுமா என்று பார்ப்பது அவர் வேலை. உரிமம் தருவது மாநில ஆணையம். ‘இவர் அறுவை சிகிச்சையில் தேர்ந்தவர்’ என்று சான்று தருவது வேறொரு குழுமம். ஓரிடத்தில் தண்டனை விழுந்தால் மற்ற இடத்திலும் பெரும்பாலும் அது எதிரொலிக்கும்.

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். “அதச் சுவத்துல மாட்டுங்க டாக்டர், அழகா இருக்கும். நான் கொடுத்தவங்களையே கேட்டுக்கறேன்.” மதியம் ஊறுகாய் வெள்ளரியோடு ரொட்டி, அதையும் திரையைப் பார்த்தபடிதான் தின்பார்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெண்டல் ஆஸ்ட்ரமின் பெயருக்கு எதிரே ‘சான்று பறிக்கப்பட்டது’ என்று வந்தது. ஊரின் ஒரே அறுவை மருத்துவர். முப்பத்தோரு வருஷம் இருந்தவர். டோரீனின் கணவர் மெர்லுக்குக் குடல் அழுகியபோது, பனிப்புயலில் நடந்தே வந்து வெட்டித் தைத்தவர். டோரீன் பெயரை மறுபடி தட்டினார். அதே பதில்தான் வந்தது.

சாயங்காலம் ஆஸ்ட்ரமே கீழ்த்தளத்தில் இருந்த டோரீனின் அறைக்கு இறங்கி வந்தார்.

“மெர்ல் எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்கார். இன்னிக்குக்கூட வாசல்ல பனி தள்ளினார்.”

“வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கமிட்டி கூடுது. அவங்களுக்குக் கொடுக்கற பட்டியல்ல இந்தத் தடவை என் பேர விட்டுரு டோரீன். அப்பீல் போட்டிருக்கேன்.”

“தெரியும். அதையும் எழுதியிருக்கேன்.”

“பரீட்சை எழுதித் தேறினவன் நான். ஒரே நாள்ல எனக்குக் கத்தி பிடிக்க மறந்துபோச்சா?”

“கத்தியப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல டாக்டர். நீங்க அப்பப்ப போய் ஆபரேஷன் பண்ற கான்சஸ் ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள் கழிச்சுக் குறிப்பத் திருத்தினீங்களாம். அதுக்கு அந்த மாநில ஆணையம் கண்டிச்சிருக்கு, அத வெச்சுத்தான் குழுமம் சான்றப் பறிச்சிருக்கு. நீங்களும் எங்ககிட்டச் சொல்லல.”

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு படியேறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை கமிட்டியில், அந்த ஆஸ்பத்திரியில் அவர் அறுவை செய்யும் உரிமையை நிறுத்திவைத்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் மெர்ல் முள்கரண்டியைத் தொடவே இல்லை.

“அந்த மனுஷன் இல்லேன்னா நான் இப்ப மண்ணுக்கடியில.”

“ஆமா.”

“அப்புறம் எப்படிடி உனக்குக் கை வந்துச்சு?”

“ஆறிப்போவுது. சாப்பிடுங்க.”

மாதா கோயிலில் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் மூன்று வாரம் பின்வரிசைக்குப் போனார்கள். டோரீன் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார்.

மே மாதம் அப்பீல் தள்ளுபடியாயிற்று. ஆஸ்ட்ரம் வயோமிங்கில் கத்தி பிடிக்க வேண்டாத ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். அவர் இங்கே பணியாற்றிய விவரம் கேட்டு அங்கிருந்து ஒரு படிவம் டோரீனுக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்ட மெர்ல், “என் வயித்தப் பத்தி ஒரு வரியாவது எழுதேன்” என்றார். கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

சேவை எத்தனை வருஷம்? முப்பத்தொன்று. உரிமை எப்போதாவது நிறுத்தப்பட்டதா? ஆம். கடைசியில் ‘வேறு குறிப்புகள்’ என்று நான்கு வரி இடம். டோரீனின் பேனா முதல் வரியின் மேல் நெடுநேரம் நின்றது. பிறகு அளவுகோலை எடுத்துவைத்து, பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி, அந்த நான்கு வரிக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.