ஷீஜா இழுத்த கை

“அந்தப் பிள்ள வேணும்னே கையப் பிடுங்குதா. வலிக்கு வலிக்குன்னு கத்துதேன், இன்னும் ஓங்கி இழுக்கா. இது வைத்தியமா, வஞ்சமா?”

அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சுடலைமுத்து அண்ணாச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வலது தோள் இறுகி, தலை வாரக்கூடக் கை எழும்பாது. எங்கள் பாஷையில் ஃப்ரோசன் ஷோல்டர். ‘அந்தப் பிள்ள’ ஷீஜா, கேரளாவிலிருந்து கப்பலேறி வந்து சில மாதங்களே ஆனவள். அவளும் நானும் போர்ட் பிளேரின் டெலானிபூரில் பிசியோதெரபி அசிஸ்டென்ட் பயிற்சியில் இருந்தோம். நாற்பதைத் தாண்டிச் சேர்ந்த நான் வகுப்புக்கே அக்கா.

புகார் எங்களுக்குப் பயிற்சி தரும் மேடத்திடம் போனது. வங்காளியான அவரிடம் அண்ணாச்சி இந்தியில் சொன்னார். ‘வலிக்கு’ அங்கே ‘தர்த்’ ஆனது, நோவு என்பதற்கான இந்திச் சொல்.

“இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா ஷீஜா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீ பக்கத்துல நின்னு பாரு” என்று மேடம் என்னிடம் இந்தியில் சொன்னார்.

சொல்லாவிட்டாலும் நின்றிருப்பேன். கட்டிலுக்குக் கட்டில் நடுவே ஒரு திரைதான். அண்ணாச்சி கத்துவார்; ஷீஜா ஏதோ சொல்வாள்; அதைவிடப் பெரிய கத்தல் எழும். திரை விலகினால் அவள் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு மணல் மாதிரி உறுத்தியது. சிரித்துக்கொண்டே நோகடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுமுறை திரைக்குள்ளேயே நின்றேன். முழங்கையைத் தாங்கி மெதுவாகத் தூக்கினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரிடத்தில் அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது.

“வலிக்கு!”

“ஆ, வலிக்காம்” என்று சொல்லி, சிரித்து, இழுத்தாள்.

“பாத்தியா! வலிக்காம்லா! நக்கல் வேற!”

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “ஏண்டி, மனுசன் கத்துறது காதுல விழலையா?”

மிரண்டுபோனாள். “சேட்டன் தன்னே அல்லே பறஞ்ஞது, வலிக்கு எந்நு? ஞான் வலிச்சு.” கயிறு இழுப்பதுபோல இரு கைகளையும் காட்டினாள்.

மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அவர் வலியில் கத்தக் கத்த, ‘இழு’ என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். ‘வலிக்காம்’, அதாவது ‘சரி, இழுக்கிறேன்’ என்று அவள் பணிவாகச் சொன்னது அவர் காதில் கேலியாக விழுந்தது. முகம் சுளித்ததைப் பார்க்கவில்லையா என்றேன். மூட்டை தூக்கியவர், பல்லைக் கடித்துத் தாங்குகிறார் என்று நினைத்தாளாம்.

அண்ணாச்சி நம்பவில்லை. “ரெண்டு பேரும் ஒரே கோட்டு போட்டிருக்கிய. கூடிப் பேசிக் கத கட்டுதியளா?”

“கை அவரோடது” என்றார், நடந்ததைக் கேட்ட மேடம். “நாளைக்கு அவகிட்ட கை குடுத்தா அவ இருப்பா. இல்லேன்னா இல்ல.”

மறுநாள் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, திறக்காத கதவைப் பார்ப்பதுபோல ஷீஜாவைப் பார்த்தார்.

“ஒந்தமிழும் வேண்டாம், எம்மலையாளமும் வேண்டாம்” என்றார், கோபத்தில் மாற்றிச் சொல்லி. “‘பஸ்’ம்பேன். நிறுத்தணும்.” இந்தியில் போதும் என்று பொருள். தீவில் அது தெரியாதவர் இல்லை.

அவள் விரல்கள் தோளில் பட்டன.

“பஸ்!”

கையை எடுத்துவிட்டாள். வலித்திருக்க வழியே இல்லை. அவர் மறுபடி கையை நீட்டினார். கை சற்று எழும்பியது.

“பஸ்!”

அந்த உயரத்திலேயே நின்றாள், அவர் கையின் பாரத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, மூச்சுக்கூட விடாமல். முகத்தில் சிரிப்பில்லை. அண்ணாச்சி அந்த முகத்தை வெகுநேரம் துருவினார்.

“ம். இனித் தூக்கு, தாயி.”

சந்தேகப்படுகிற தோளை எந்த எக்சர்சைஸும் இளக்காது. இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: புதியவர் ஒருவரைத் தொடும் முன், வலிக்காதபோதே ஒருமுறை பொய்யாக நிறுத்தச் சொல்லும்படி அவரிடம் சொல்லுங்கள். நாம் நிற்கிறோமா என்று அவர் பார்க்கட்டும்.