பேஸ்மென்ட்டில் எனக்கொரு கதவு

வீட்டு வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர்களின் வாயில் 'அடுத்த திங்கட்கிழமை' வராத நாளே கிடையாது. அந்தத் திங்கட்கிழமை வந்து மட்டும் நான் பார்த்ததில்லை. நியூ ஜெர்சியில் தரைக்கடியில் பேஸ்மென்ட் உள்ள வீடு வாங்கி, அந்தப் பேஸ்மென்ட்டை மனுஷர் புழங்கும் இடமாக்க ஆசைப்பட்டு, கான்ட்ராக்டரிடம் சிக்கிச் சீரழிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் வயிற்றெரிச்சலோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பிஸ்கட்டவே என்கிற ஊரில் நாங்கள் குடியேறிய புதுசு. மதுரையில் நான் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷம் பிரசவம் பார்த்தவள். இங்கேயோ லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணுகிற வரைக்கும் வெறும் ஷீபாவின் அம்மா. முதல் தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தேன். கோட்டை விடாமல் என்ன செய்வது? டைனிங் டேபிளில் புத்தகத்தைப் பிரித்தால் நாலு வயசு ஷீபா மடியில் ஏறுவாள். போன் அடிக்கும். என் கணவர் ஜெயசீலன் மாடியிலிருந்து "எஸ்தர், என் கண்ணாடி எங்க?" என்பார். அடுத்த பரீட்சை ஜூன் மாதம். இந்தத் தடவையும் போனால் இனி எழுதத் தெம்பு இருக்காது என்று எனக்கே தெரிந்திருந்தது. அதற்குள் பேஸ்மென்ட்டில் ஓர் அறை வேண்டும், அந்த அறைக்கு ஒரு கதவு வேண்டும். கார்ப்பெட், பெரிய டிவி வைக்க ஒரு சுவர், கூரைக்குள் புதைத்த விளக்குகள் எல்லாம் கணவரின் ஆசை. நான் கேட்டது கதவு ஒன்றைத்தான்.

வீட்டில் யாரும் இல்லை

எங்கள் சர்ச்சுக்கு வரும் கலா அக்கா சிபாரிசு செய்த ஆள் ஃப்ராங்க். "கை சுத்தம்" என்று அக்கா சொன்னார். வாய் எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். மணி அடித்தது, கதவைத் திறந்தேன். என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "இஸ் யுவர் ஹஸ்பெண்ட் ஹோம்?" என்றார். ஆபீஸுக்குப் போயிருக்கிறார், பேஸ்மென்ட்டை நான் காட்டுகிறேன் என்றேன். சாயங்காலம் வருகிறேன் என்று திரும்பியவரை, விடாப்பிடியாகக் கீழே அழைத்துக்கொண்டு போனேன்.

அறை எங்கே வர வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று நானே அளந்து, பென்சிலால் படம் போட்டு வைத்திருந்தேன். நான் ஒரு கேள்வி கேட்டால் அளக்கிற டேப்பைப் பார்த்துக்கொண்டு "அதை உங்க ஹஸ்பெண்ட்கிட்ட பேசிக்கறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் யாராவது இப்படி என்னைத் தாண்டிப் பேசியிருந்தால் அன்றைக்கே ஒரு வழி பண்ணியிருப்பேன். இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"படம் அருமையா இருக்கு மேடம். உங்க ஹஸ்பெண்ட் எஞ்சினியரா?"

மான் சீசன்

ஃப்ராங்கின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், மரச்சட்டங்களை நிறுத்தினார்கள், ரேடியோவை அலற விட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை "மண்டே" என்று கையாட்டிவிட்டுப் போனவர்களை அப்புறம் காணோம். மரத்தூளும் காலி சோடா டப்பாவும் ஓர் ஏணியும்தான் கீழே குடியிருந்தன. நான் போன் பண்ணினால் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. கணவரிடம் சொன்னேன். அவர் ஆபீஸில் இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். "வந்துருவான், விடு" என்றார்.

கடைசியில் ஒருநாள் ஃப்ராங்கின் மனைவி போனை எடுத்தார். ஃப்ராங்க் மான் வேட்டைக்குப் போயிருக்கிறாராம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் வீட்டைக் கொத்திப் போட்டுவிட்டு மான் வேட்டையா? நான் எப்போது உட்கார்ந்து படிப்பது, வேலை எப்போதுதான் முடியும் என்று கேட்டேன். என் குரல் உடைந்ததோ என்னவோ, அந்த அம்மாள் ரொம்பக் கனிவாகச் சொன்னார்:

"கவலைப்படாதே ஹனி, என் கிச்சனையும் அவர் இன்னும் முடிக்கலை."

யார் அரைத்த மாவு?

எங்கள் கோயம்புத்தூர் கிரைண்டர் பேஸ்மென்ட் மூலையில், அதற்காக அமெரிக்கக் கரண்ட்டை நம் ஊர் வோல்ட்டுக்கு மாற்றுகிற டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தது. மேலே ஓட்டினால் வீடே அதிரும் என்று அங்கே வைத்திருந்தோம். மான்களை விட்டுவிட்டு ஃப்ராங்கின் ஆட்கள் திரும்பி வந்த வாரம், ஊறப்போட்ட அரிசியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். கிரைண்டருக்குள் வெள்ளை வெளேரென்று மாவு, பொங்கப் பொங்க அரைத்து ரெடியாக இருந்தது. கல்யாணமான நாளாக உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத என் கணவர், நான் படிக்கட்டும் என்று அரைத்து வைத்திருக்கிறார் என நினைத்து ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டேன்.

விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசனை. சுவர்ப் பலகைகளின் இடுக்கில் பூசுகிற கலவை! கல்லில் ஒட்டி இறுக ஆரம்பித்திருந்தது. மதுரையிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டு வந்த கிரைண்டர் ஐயா அது. நான் போட்ட சத்தத்தில் ஷீபா மேலே அழ ஆரம்பித்தாள். ஃப்ராங்க் நிதானமாக வந்து, குனிந்து, கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க கொண்டு வந்த மிக்சர்னு நெனச்சேன். ஒரு கட்டி இல்லாம கலக்குது! எந்தக் கடையில வாங்கினீங்க?"

நோ, நோ

ஏப்ரலில் ஒருநாள் லைப்ரரியிலிருந்து வந்து பார்க்கிறேன், சுவரெல்லாம் எழும்பி நிற்கிறது. என் அறை இருந்தது. வாசல் இருந்தது. வாசலைச் சுற்றி அழகாக மரச்சட்டம் அடித்து, வெள்ளைப் பெயிண்டும் பூசியிருந்தது. கதவும் இல்லை, கதவை மாட்டக் கீலும் இல்லை. ஃப்ராங்க் தோளைக் குலுக்கினார். உங்க ஹஸ்பெண்ட்தான் வேண்டாம்னார் என்றார். நான் வேணும்னுதான் சொன்னேன் என்று கணவர் பைபிள் மேல் சத்தியம் பண்ணத் தயாராக நின்றார். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தேன்.

ஃப்ராங்க் கேட்டது: "உங்களுக்கு இங்க கதவு வேணாம், இல்லையா?" கணவர் சொன்னது: "நோ, நோ." நம் ஊரில் "கதவு வேணாமா?" என்று கேட்டால், பதறிப்போய் "இல்ல, இல்ல" என்போம். வேண்டாமென்று யார் சொன்னது, கண்டிப்பாக வேணும் என்று அதற்கு அர்த்தம். மனுஷர் தமிழில் பதறி இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரருக்கு நோ என்றால் நோ. உலகத்துக் கம்ப்யூட்டர்களின் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவர் தன் வாயில் வந்த ரெண்டே எழுத்தைக் கோட்டை விட்டாரே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவரோ அசரவில்லை.

"நான் கரெக்டாத்தான் சொன்னேன் எஸ்தர். அவனுக்குத்தான் இங்கிலீஷ் புரியல."

முழங்கை

கதவுக்கு ஆர்டர் போட வேண்டும், அடுத்த திங்கட்கிழமை வரும் என்றார் ஃப்ராங்க். எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்து போயின. வாசலில் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுப் படித்தேன். ஷீபாவுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது. அடியில் நுழைந்து நுழைந்து வந்தாள். மே மாதம் பாதி போய்விட்டது. பாதிப் புத்தகம் திறக்காமலே கிடந்தது. பாத்திரம் கழுவும்போது தானாகக் கண்ணீர் வந்தது.

ஒருநாள் படிகளுக்குக் கைப்பிடி போட வந்த ஃப்ராங்க், மேஜையில் விரித்துக் கிடந்த கை நரம்புப் படத்தைப் பார்த்தார். "வீட்டுல யார் டாக்டர்?" என்றார். நான்தான் என்றேன். அவ்வளவுதான், இத்தனை மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாத ஆள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். சுண்டுவிரல் மரத்துப் போகிறதாம். தொட்டுப் பார்த்து, ட்ரக் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுவதை நிறுத்துங்கள், நரம்பு நசுங்குகிறது, போய் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றேன். "நீங்களே பார்க்கக் கூடாதா?" என்றார். அடக்கி வைத்திருந்தது முழுக்க வெடித்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் இங்கே நான் யாருக்கும் மருந்து எழுத முடியாது, பரீட்சை எழுதாமல் லைசென்ஸ் கிடைக்காது, படிக்காமல் பரீட்சை எழுத முடியாது, கதவு இல்லாமல் படிக்க முடியாது என்று பாதி இங்கிலீஷிலும் பாதி மதுரைத் தமிழிலும் கத்தித் தீர்த்தேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ரூம் உங்களுக்கா மேடம்? அவருக்குன்னுல்ல நெனச்சேன்."

பூட்டு

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கதவோடு வந்து நின்றார் ஃப்ராங்க். வேறு ஏதோ வீட்டு பாத்ரூமில் கழற்றிய பழைய கதவு. வெளிர் பச்சை, துண்டு மாட்டும் கொக்கியோடு. கீல் அடித்து மாட்டிவிட்டுக் காசு வேண்டாமென்று போய்விட்டார். போன பிறகுதான் கவனித்தேன், அழுத்தினால் பூட்டிக்கொள்கிற பொத்தான் வெளிப்பக்கம் இருந்தது. இவர் எந்த வேலையையாவது முழுசாகச் செய்வாரா என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் டக்கென்று சத்தம். கைப்பிடி திரும்பவில்லை. குட்டிக் கால்கள் படியேறி ஓடின.

உள்பக்கக் குமிழில் சின்னத் துளை ஒன்று இருந்தது. அதில் ஹேர்பின்னை விட்டுக் குத்தினால் திறந்துவிடும். தலையிலிருந்து பின்னை உருவிவிட்டேன். அப்போது மேலே கணவரின் குரல் கேட்டது: "அம்மா எங்கடா? என் கண்ணாடியக் காணோம்." ஷீபாவின் பதிலும் கேட்டது. பின்னைத் திரும்பத் தலையில் செருகிக்கொண்டு, விட்ட பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அன்றையிலிருந்து ஜூன் வரைக்கும் பூட்டுகிற வேலை ஷீபாவுடையது. அன்றைக்கு அவள் அப்பாவிடம் சொன்ன பதில் இதுதான்:

"ஷி இஸ் ஸ்டடியிங், டாடி. நோபடி கேன் கோ இன். ஐ லாக்ட் ஹெர்."

மதுரையில் டாக்டராக இருந்தவளை அமெரிக்காவில் மறுபடியும் டாக்டராக்கியது யார் என்று கேட்கிறவர்களிடம், யார் வீட்டு பாத்ரூமிலிருந்தோ வந்து தலைகீழாகப் பூட்டு வைத்து மாட்டிய ஒரு பச்சைக் கதவு என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.