எல்லாரும் அழித்த படம்

“வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின். எல்லார் போனிலும் அழித்தாயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.” அன்று என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதினேன். எதற்கும் தேதி போட்டு வைப்பவன் நான். இந்தத் தேதியை மட்டும் இங்கே தரவில்லை. தந்தால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

பிள்ளை என் ராத்தாவின், மூத்த சகோதரியின், மகள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிறுவயதில் ராத்தா எப்படி இருந்தாள் என்று காட்ட எதுவுமில்லை. அதனாலேயே மகளைப் பெருநாள் உடுப்பிலும் மீலாத் மேடையிலும் ஓயாமல் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவாள். “காணும் ராத்தா, போன் நிரம்பிட்டு” என்று கேலி செய்வோம். அப்படிப் போட்ட ஒரு மீலாத் படத்திலிருந்துதான் யாரோ முகத்தை எடுத்திருந்தார்கள். அதோடு சேர்ந்த மானக்கேடான மற்றதைக் கணினி செய்திருந்தது. எங்கள் ஊர் தில்லையடியில் பலர் பார்த்த பிறகே எங்களிடம் வந்தது. ராத்தா அதைப் பார்த்தாள். “முகம் அவட. ஆனா இது அவ இல்ல,” என்றாள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினர் நல்லதை நினைத்தே செய்தார்கள். ஊர்க் கதை வெளியே போகக்கூடாதென்று, ஜமாஅத்தார் முன்னிலையில் ஒவ்வொருவரையும் படத்தை அழிக்க வைத்தார்கள். செய்தவன் யாரென்று தேடவில்லை. தலைவர் ஹாஜியார் வீட்டுக்கே வந்து, “முடிஞ்சி தங்கச்சி. இனி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க,” என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தாள். “ஆரு செஞ்சதுண்டு தெரியாம அந்த வகுப்புல எப்படி மாமா இருக்கிற?” என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ராத்தாவும் நானும் பொலிசுக்குப் போனோம்.

“படம் எங்க?” என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி.

“அழிச்சிட்டம்.”

“எல்லாருமா?”

“ஓம். பள்ளிவாசல்ல வெச்சி.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “ஒரு போனையாவது அப்படியே கொண்டு வந்திருந்தா, எங்க இருந்து வந்ததுண்டு பார்த்திருப்பம்.”

இத்தகைய பொய்ப் படங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கச் சட்டம் வேண்டுமென்று பத்திரிகைகளில் வருவதை வெட்டி வைக்கிறேன். ஒன்றை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சட்டம் வந்தா எதக் காட்டுற?” என்றாள்.

பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். முந்தல் ஊரில் ஒருவனிடம் அந்தப் படம் இருப்பதாக ஒரு கதை வந்திருக்கிறது. இருக்கக்கூடாதென்று ராத்தா துஆ கேட்கிறாள். இருக்கிறதா என்று என்னைத் தினமும் விசாரிக்கவும் சொல்கிறாள். இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.