வலது பூ முதலில் விழுந்தது: கல்வராயன் மலையில் உத்தரவு கேட்கப் போன கதை

ஐப்பசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை கல்வராயன் மலைக்குப் போனேன். அருவி, மேகம், செல்ஃபி எதுவும் இந்தப் பதிவில் வராது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வெள்ளிக்கிழமை காலை கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அம்மா மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை. குலதெய்வம் உத்தரவு கொடுத்தால்தான் படுப்பாளாம். அந்த உத்தரவை வாங்கி வரத்தான் போனேன். இதே மாதிரி வேலையாக மலை ஏறுகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். நான் செய்த தப்பையும் எழுதியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போவது வேறு, குலதெய்வத்திடம் போவது வேறு. ரிஷிவந்தியம் கோயிலில் அம்மா நெய்விளக்கு ஏற்றி, பொதுவாக எல்லாரையும் நல்லா வை என்று கும்பிட்டுவிட்டு வருவாள். கல்யாணம், வீடு, ஆபரேஷன் என்று வந்துவிட்டால் அது போதாது. குலதெய்வத்தைக் கேட்டே ஆக வேண்டும். எங்களுக்கு அது மலை மேல் ஒரு ஓடைக்கரையில் இருக்கும் அம்மன். கல்தான். அந்தக் கல்லின் இரண்டு தோளிலும் ஈரச் சந்தனம் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக அரளிப்பூ ஒட்டுவார்கள். நாம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மனின் வலது தோள் பூ முதலில் விழுந்தால் ஆமாம். இடது தோள் பூ விழுந்தால் இல்லை.

அம்மா வர முடியாது. ரத்தப்போக்கு ஜாஸ்தி, வண்டியில் ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார், வியாழக்கிழமைதான் வர முடியும். வீட்டு ஆள்தான் கேட்க வேண்டும் என்பதால் மிச்சம் இருந்தது நான். இன்ஜினியரிங்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டவன். பக்தியைப் பற்றிக் கேட்டால், பரீட்சைக்கு முன்னால் விபூதி பூசுவேன், ரிசல்ட் வந்ததும் நாத்திகம் பேசுவேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாலை அம்மா ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து என் கையில் கொடுத்தாள். கூடவே கேள்வியையும் கொடுத்தாள்.

"சொல்லு பாக்கலாம்."

"ஆத்தா, எங்கம்மா இந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

"அவ்ளோதான். சொந்தமா எதனா சேக்காத. ஞாயித்துக்கெழமைலருந்து கவுச்சி கிவுச்சி திங்கலயே?"

"இல்லம்மா."

அது பொய் என்பது எனக்கே இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அன்று மதியம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் முட்டை பப்ஸ் தின்றிருந்தேன். முட்டை கவுச்சியா, இல்லையா? விடிய விடிய இதே யோசனை.

காலை 5.40க்கு சங்கராபுரத்திலிருந்து கிளம்பினேன். பச்சைத் தண்ணீரில் குளித்து, வேட்டி, விபூதி எல்லாம் ஆயிற்று. பெட்ரோல் 300 ரூபாய்க்குப் போட்டால் போதும், போய் வந்தும் மிச்சம் இருக்கும். கச்சிராயபாளையம் வரைக்கும் என் வண்டி மீட்டரில் 24 கிலோமீட்டர். பூ, கற்பூரம், தேங்காய், எலுமிச்சை எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள். மேலே கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. எனக்கு மொத்தம் 145 ரூபாய் ஆனது. டீ 12.

டீக்கடை அக்கா என் வேட்டியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா தம்பி, பொண்ணு பாத்துருக்காங்களா? உத்தரவு கேக்கப் போறியா?"

"இல்லக்கா. எங்கம்மாவுக்கு ஆபரேஷன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "எலுமிச்சம்பழம் இன்னொண்ணு வாங்கிக்க. மேல ரோடு வழுக்குது, டயருல வச்சு ஏத்திட்டுப் போ."

"யக்கா, முட்டை கவுச்சியா?"

"தின்னுட்டியா?"

"நேத்து."

"தின்னுட்டு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? போயி அவளயே கேளு."

அவளைக் கேட்க இருந்தது ஒரே கேள்விதான். அதை இதற்குச் செலவழிக்க முடியாது.

கோமுகி அணை தாண்டியதும் மலைப்பாதை. போனில் சிக்னல் போய்விடும், இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. மழை தூறிக்கொண்டே இருந்தது, வளைவுகளில் மண் சரிந்து கிடந்தது. இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. வழி முழுக்க வாய்விட்டு மனப்பாடம் செய்தேன். எங்கம்மா இந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா, எங்கம்மா இந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா. எதிரே ஜீப்பில் வந்த ஆட்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிமலை 7.55. கச்சிராயபாளையத்திலிருந்து 28 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 9 கிலோமீட்டர் வண்டியில், அப்புறம் மரவள்ளிக் காட்டு வரப்பில் இருபது நிமிட நடை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. போன வருடம் யாரோ வீடியோ போட்டு, கூட்டம் வந்து, ஓடையில் பாட்டில் உடைத்தார்களாம். பூசாரி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். உங்கள் குலதெய்வம் எப்படியும் வேறு இடத்தில்தான் இருக்கும்.

பூசாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஓடையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அவசரமாக வந்தார்.

"சீக்கிரம் வா தம்பி. பத்தரைக்கு லாரி வந்துரும், கெழங்கு லோடு ஏத்தணும்."

"அண்ணே, நேத்து முட்டை தின்னுட்டேன்."

"இன்னிக்கிக் குளிச்சியா?"

"குளிச்சேன்."

"இன்னொருக்கா ஓடையில முழுகிட்டு வா. வேட்டி நனையட்டும்."

முழுகினேன். தண்ணீரின் குளிரில் பல் கிட்டிப்போனது. ஈர வேட்டியோடு மூன்று சுற்று வலம் வந்தேன். தேங்காய் உடைத்தார், நன்றாகத்தான் உடைந்தது. மஞ்சள் துணியை அம்மன் காலடியில் வைத்தார். தோள்களில் பூ ஒட்டினார். ஒட்டிக்கொண்டே விதிகளைச் சொன்னார்.

"நான் கற்பூரம் ஏத்துவேன். ஏத்தின ஒடனே மனசுல கேளு. வாய் தொறக்கக் கூடாது. ஒரே தடவதான். மாத்தி மாத்திக் கேட்டா அவளுக்குக் கோவம் வந்துரும். தெரியாம போச்சுன்னா அடுத்த செவ்வாதான் மறுபடி கேக்கணும்."

அடுத்த செவ்வாய். ஆபரேஷன் வெள்ளி.

கற்பூரம் பற்றியது. கண்ணை மூடினேன். என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. பிரஷர் இருக்கிறது, மயக்க மருந்து கொடுப்பதில் கொஞ்சம் ரிஸ்க் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முப்பது கிலோமீட்டருக்கு மேல் மனப்பாடம் செய்த கேள்வி வரவில்லை. மனசு தன்பாட்டுக்கு வேறொன்றைக் கேட்டுவிட்டது.

எங்கம்மா செத்துருமா?

கேட்டாயிற்று. கண்ணைத் திறந்தேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. திருத்திக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மாற்றிக் கேட்கக் கூடாது என்று இப்போதுதான் சொல்லியிருந்தார். அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு 22 நிமிடம். எதற்கு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, பூசாரிக்குப் பின்னால் மரத்தில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. வலது பூ விழுந்தால் நான் கேட்டதற்கு ஆமாம் என்று பதில். இடது பூ விழுந்தால் பூசாரி உத்தரவு இல்லை என்பார், அம்மாவும் படுக்கமாட்டாள், கட்டி உள்ளேயே இருக்கும். இரண்டு பூவுமே விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றவன் அந்தக் கோயில் சரித்திரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காற்று அடித்தது. இடது பூ லேசாகச் சாய்ந்தது, நின்றது. வலது பூ சந்தனத்தோடு வழுக்கி, தோளிலிருந்து பொத்தென்று விழுந்தது.

பூசாரி மணியை அடித்தார். "குடுத்துட்டா! வலது! நல்லா சுத்தமா குடுத்துட்டா!"

நான் அசையவில்லை.

"இன்னா தம்பி, உத்தரவு வந்துருக்கு. எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற?"

"அண்ணே, ஒருத்தன் கேள்விய தப்பாக் கேட்டுட்டான்னு வையுங்க..."

"எந்த ஒருத்தன்?"

"சும்மா கேட்டேன்."

தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது. விழுந்த பூவை ஒரு இலையில் வைத்து மடித்து என் கையில் திணித்துவிட்டு ஓடினார். தட்டில் 101 ரூபாய் வைத்தேன். அவராக எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிமலைக்கு வந்ததும் போன் துடித்தது. அம்மாவிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"இன்னாடா ஆச்சு? உயிர வாங்கற. எந்தப் பக்கம்?"

"வலது."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். அப்புறம், "பாத்து வா. மெதுவா வா. தின்னியா?" நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன், பிரேக் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனது. மதியம் 1.10க்கு வீடு. போக வர மொத்தம் 122 கிலோமீட்டர்.

புதனும் வியாழனும் அம்மா வேறு ஆள். வீடு கழுவினாள், அரிசி புடைத்தாள், பையில் துணி அடுக்கினாள். பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் எம் புள்ள போயி வாங்கியாந்தான் என்று சொன்னாள். இரண்டு வருடமாக என்னைப் பற்றி அவள் வெளியே பெருமையாக எதுவும் சொன்னதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் படுக்கமாட்டாள். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் வந்து வளையல், தோடு, பூ எல்லாம் கழற்றச் சொன்னார். அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அம்மா முடிச்சை அவிழ்த்து, காய்ந்துபோன அரளியை என் கையில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கியதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல."

"செவ்வாக்கெழமைலருந்து மூஞ்சிய ஒளிச்சிக்கினே இருக்க. இன்னா பண்ண அங்க?"

சொல்லிவிட்டேன். முட்டை பப்ஸிலிருந்து ஆரம்பித்து முழுக்க. அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான் முதல் தடவை.

அம்மா என்னையே பார்த்தாள். கதவுப் பக்கம் நர்ஸ் நின்றார்.

"நான் சொல்லி அனுப்புனது ஒரு கேள்வி," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. அதக் கூட ஒழுங்காக் கேக்கத் தெரியல. நீ எப்டிரா பரீட்சை பாஸ் பண்ணியிருப்ப?"

நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. அவள் கை என் கையை விடச் சில்லென்று இருந்தது. பயந்துதான் இருந்தாள். அது நன்றாகத் தெரிந்தது.

"வேணாம்னா வேணாம்மா. அடுத்த செவ்வா நான் போயி..."

"அவளுக்குத் தெரியாதா நான் எதுக்கு உன்ன அனுப்புனேன்னு?" என்றாள். சொல்லிவிட்டு, அதைத் தனக்கே இன்னொரு தடவை முணுமுணுத்துக்கொண்டாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பூவின் மேல் மடித்துவிட்டாள். "நான் வர்ற வரைக்கும் கீழ வச்சிராத." நர்ஸ் பக்கம் திரும்பி, "வாம்மா போலாம்" என்றாள்.

இரண்டு மணி நாற்பது நிமிடம். அப்பா டீ வாங்கி வந்தார், இடது கையால் வாங்கிக் குடித்தேன். வலது கையில் இன்னாடா என்று கேட்டார். பூ என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அம்மா கண் திறந்ததும் முதலில் கேட்டது தண்ணீர். இப்போது கொடுக்கக் கூடாது என்றார்கள். இரண்டாவதாக, "பூ?" கையைத் திறந்து காட்டினேன். வியர்வையில் நசுங்கி, ஒரு பழுப்புக் கறையாக உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அந்தப் பூ எந்தக் கேள்விக்கு விழுந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. சந்தனம் காய்ந்தால் பூ விழும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மூன்று நாள் பயம் ஒரு துளி குறையவில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அந்தக் கல்லின் முன்னால் ஈர வேட்டியோடு ஒரு 22 நிமிடம் நின்று பாருங்கள்.

போகிறவர்களுக்கு: வண்டிக்கு பிரேக் பார்த்துவிட்டுப் போங்கள். மழை நாளில் ஒன்பது மணிக்குள் மேலே இருப்பது நல்லது, பூசாரிகளுக்கும் வேறு வேலை இருக்கிறது. மாற்றுத் துணி ஒரு செட். அணையைத் தாண்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன். முட்டையை முந்தின ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிடுங்கள், தேவையில்லாத தலைவலி. கேள்வியைப் பேப்பரில் எழுதி எடுத்துப் போங்கள், கற்பூரம் ஏற்றும்போது கையில் வைத்து மனசுக்குள் படியுங்கள். இதற்குத் தடை உண்டா என்று, பூசாரி வெள்ளிமலைக்கு வந்திருந்தபோது போனில் கேட்டேன். எழுத்து தெரிஞ்சவன் படிச்சுக்க வேண்டியதுதானே என்றார்.

தனக்கு நல்லபடியாக முடிந்தால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா முன்கூட்டியே வேண்டிக்கொண்டாளாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. டாக்டர் வண்டியில் உட்காரலாம் என்றதும், தையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளைப் பின்னால் உட்கார வைத்து ஏறப் போகிறேன். தேங்காய், கற்பூரம், சவரக்கத்திக்குப் பிளேடு எல்லாம் பட்டியலில் எழுதியிருக்கிறாள். கேள்வி எதுவும் எழுதவில்லை.